கட்டிலுக்கு அடியில் பிரிக்காத 11 பார்சல்கள்: இது என்ன பழக்கம்?

தூங்காதவன்:
மூன்று பார்சல்களில் என்ன இருக்கிறது என்றே மறந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுப்பேன். எதையாவது தேடிப் பிடித்துப் பணம் கட்டி, ‘ஆர்டர் உறுதியானது’ என்று வந்ததும் நெஞ்சு லேசாகிவிடும். விடிந்தால் கிரெடிட் கார்டு பாக்கிதான் முதலில் ஞாபகம் வரும். பொருள் வந்து சேர்வதற்குள் ஆசை போய்விடுகிறது. வீட்டில் ஊதாரி என்கிறார்கள். ஊதாரி என்றால் வாங்கியதை அனுபவிக்கவாவது செய்வேனே?

வார்டுக்காரி (மனநலப் பிரிவில் செவிலியர்):
சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். பரிசு கிடைக்கப்போகிறது என்ற அறிகுறி தெரிந்ததுமே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கத் தொடங்கிவிடும். பார்சல் கைக்கு வரும்போது சப்பென்று இருப்பது அதனால்தான். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் 100 ஆண்டுகளுக்கு முன்பே இதை ‘ஓனியோமேனியா’ (வாங்கும் வெறி) என்று எழுதினார். ஆனால் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை, சூதாட்டத்தை மட்டும் போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. பெயர்ச் சண்டை அவர்களோடு போகட்டும். மருத்துவரிடம் போனால், சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகளாலும் இப்படி வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. தூக்கமே தேவைப்படாத உற்சாகத்தில் வாங்கினால் அது வேறு கதை, அதையும் மறைக்காதீர்கள்.

பழைய கடன்காரன்:
நான் கார்டை மனைவியிடம் கொடுத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை, 16 எண்ணும் மனப்பாடம்! செயலிகளில் சேமித்திருந்த கார்டை அழித்துவிட்டுப் புது கார்டு வாங்கி, எண்ணைப் பார்க்காமல் பீரோவில் வைத்தோம். எழுந்து போய் எடுத்து வருவதற்குள் பாதி ஆசை செத்துவிடும். அப்புறம், வாங்கத் தோன்றும்போதெல்லாம் அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் சிகிச்சையாளர். மூன்று வாரத்தில் பார்த்தால், பெரும்பாலும் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாள்கள். எனக்குத் தள்ளுபடிதான் எதிரி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூங்காதவன்:
இன்று நான்கைப் பிரித்தேன். இரண்டில் ஒரே மேசை விளக்கு, இரண்டும் நீலம். ஒன்றைத் திருப்பி அனுப்ப இன்னும் 2 நாள் அவகாசம் இருக்கிறது. நோட்டு வாங்க வேண்டும்... வேண்டாம், பழைய டைரி ஒன்று கிடக்கிறது.