சாப்பாட்டில் விழுந்த புள்ளி

காட்பாடியில் அக்கா நடத்தும் மெஸ்ஸுக்கு நானே மரப்பலகை செய்தேன். ஃபிளக்ஸ் வேண்டாம் என்று அடம்பிடித்தவன் நான்தான். வேலையும் என் தலையில் விழுந்தது.

'வாழையிலைச் சாப்பாடு'. ஒன்பது எழுத்துதானே என்று ஒட்டுப்பலகையில் வரைந்தேன். வெட்டி முடித்து எண்ணினால் 16 துண்டுகள்! காலும் கொம்பும் தனித்தனி. 'ச்', 'ப்' இரண்டுக்கும் ஒரு ரூபாய் நாணய அளவில் புள்ளிகள். பக்கத்துத் தெரு பெயின்டர் ஐயா பார்த்துச் சிரித்தார். "பழைய 'லை' போட்டிருந்தால் ஒரு துண்டு மிச்சம், தம்பி. துதிக்கை எழுத்தோடு ஒட்டியே வரும்." 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே தொழில் பழகியவர்.

வீட்டில் கழற்றிப்போட்ட தேக்குக் கதவுதான் அடிப்பலகை. உப்புத்தாள் தேய்க்கவே இரண்டு நாள். மஞ்சள் பின்னணி, பச்சை எழுத்து, சிவப்பு ஓரம். மே மாத வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தேன், புத்தி கெட்டுப்போய். எனாமல் மேலே ஆடை கட்டிக்கொண்டது, அடியில் ஈரம். மறுநாள் பச்சை முழுக்கக் கொப்புளம். சுரண்டிவிட்டு, மாலை நிழலில் மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தேன்.

எழுத்துகளைப் பின்பக்கமிருந்து திருகாணி போட்டு முடுக்கினேன். புள்ளிகளுக்குப் பசை போதும் என்று விட்டுவிட்டேன். முதல் மழையிலேயே 'ப்' தன் புள்ளியை இழந்தது. அக்கா கவனிக்கவில்லை. தினமும் சாப்பிட வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வாசலிலேயே நின்று, "என்னம்மா, இலை போட்டுச் சாபமா கொடுக்கிறாய்?" என்றாராம். பலகையில் 'சாபபாடு'!

எனாமல்மேல் அந்த வெள்ளைப் பசை பிடிக்காது. மரம் வெறுமையாகத் தெரிய வேண்டும். இப்போது பெயின்டைச் சுரண்டி, பசை வைத்து, நடுவில் ஆணியும் அறைந்திருக்கிறேன். பச்சை டப்பா காய்ந்துவிட்டதால் புதிய புள்ளி சிவப்பு.

மறுமொழி:
நான் வாலாஜாபேட்டை. அப்பாவின் சைக்கிள் கடைப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்கலாம் என்று சுரண்டினேன். 'வேலூர் மாவட்டம்' உரிந்தது. அடியில் 'வட ஆற்காடு மாவட்டம்', 1989க்கு முந்தைய எழுத்து, நீலத்தில் வெள்ளை நிழலோடு. 2019 முதல் நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். மேற்கொண்டு சுரண்டக் கை வரவில்லை. பலகை அப்படியே பரணில் இருக்கிறது.

மறுமொழி:
ஐயா, அதன்மேல் வார்னிஷ் மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்கே ஒரு படம் போடுங்கள், அந்த நிழல் எழுத்தை எங்கள் பெயின்டர் ஐயாவுக்குக் காட்ட வேண்டும்.