ஸ்ட்ரெங்த் 81, குவாலிட்டி 34: சில சேனல் மட்டும் உடையுது, எங்கே பார்க்கணும்?

திருவான்மியூர்_கீழ்வீடு:
வணக்கம். திருவான்மியூர்ல மூணு மாடிக் கட்டடம், நாங்க கீழ்வீடு. கேபிள் பாக்ஸ்தான், டிஷ் இல்ல. மழை பிடிச்சதுலேர்ந்து சில சேனல் மட்டும் கட்டம் கட்டமா உடையுது, சத்தம் விட்டு விட்டு வருது. செய்தி சேனல் எல்லாம் பளிச்னு இருக்கு. அம்மா பார்க்கிற பக்தி சேனலும் அதோட இன்னும் ஏழெட்டும்தான் போகுது. அம்மாவுக்கு முட்டி வலி, கோயிலுக்குப் போக முடியல. காலைப் பூஜையை டிவியிலதான் பார்ப்பாங்க. அதனாலதான் அவசரமா கேட்கிறேன்.

பாக்ஸ் மெனுவுல ஸ்ட்ரெங்த் 81, குவாலிட்டி 34. வந்து பார்த்த ஆள், "சிக்னல் 80 இருக்கே, பாக்ஸ் போச்சு, புதுசு வாங்குங்க"ன்னுட்டார். வாங்கணுமா?

போரூர்வாசி:
ஆம்ப் (சிக்னலைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு போட்டுப் பாருங்க. எங்க வீட்ல அதுலதான் சரியாச்சு.

லைன்வேலை_22வருஷம்:
தம்பி, பாக்ஸும் வாங்காதீங்க, ஆம்பும் போடாதீங்க. போரூர் நண்பர் வீட்ல சிக்னல் குறைவா வந்திருக்கும், ஆம்ப் போட்டதும் சரியாயிருக்கும். உங்களுக்கு 81 வருது. கோளாறு வேற.

ஸ்ட்ரெங்த்னா எவ்வளவு வருதுங்கறது. குவாலிட்டின்னா வந்ததைப் பாக்ஸ் எவ்வளவு பிழையில்லாம படிக்குதுங்கறது. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் காதைப் பிளக்கும், பேசறது ஒண்ணும் புரியாது இல்லையா, அதுதான் உங்க நிலைமை. ஆம்ப் போட்டா இரைச்சலும் சேர்ந்து ஏறும். இந்த நம்பர் எல்லாம் பாக்ஸ் கம்பெனி தானா வச்ச கணக்கு. பக்கத்து வீட்டு பாக்ஸோட ஒப்பிடாதீங்க, உங்க பாக்ஸுலயே சேனலுக்குச் சேனல் ஒப்பிடுங்க.

கேபிள்ல ஒவ்வொரு சேனலும் தனித்தனியா வராது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஒரு கட்டா வரும். 256 குவாம்ல (சிக்னல்ல டேட்டாவை அடுக்குற ஒரு முறை) ஒரு கட்டுக்குள்ள நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் போகும், அதுல பல சேனல் அடங்கும். கட்டு அடிபட்டா அதுல இருக்கிற எல்லாமே சேர்ந்து உடையும். நல்ல சேனல் ஒண்ணு, கெட்ட சேனல் ரெண்டு வச்சு, மெனுவுல ஃப்ரீக்வென்சியையும் குவாலிட்டியையும் எழுதிப் போடுங்க.

திருவான்மியூர்_கீழ்வீடு:
பார்த்தேன் அண்ணே. செய்தி 338ல இருக்கு, குவாலிட்டி 78. பக்தி சேனல் 714, குவாலிட்டி 34. இன்னொண்ணு 730, அதுல 29.

லைன்வேலை_22வருஷம்:
நினைச்சேன். மேல் ஃப்ரீக்வென்சியிலதான் அடி. ஒயர்ல, கனெக்டர்ல தண்ணி இறங்கினா முதல்ல மேல்பக்கம்தான் சாகும். வீட்டுக்கு வர்ற கேபிள் டிவி ஒயர், அதாவது ஆர்.ஜி. 6, நல்லதா இருந்தாலே 100 மீட்டருக்கு 50 மெகாஹெர்ட்ஸ்ல 5, 6 டிபி (டெசிபெல், சிக்னல் இழப்போட அளவு)தான் தின்னும், 860ல 20 டிபி கிட்ட தின்னுடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2022 ஏலத்துக்கு அப்புறம் 700 பேண்ட், அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை, செல்போனுக்குப் போயிடுச்சு. கனெக்டர்ல வெளிப்பின்னல் (ஒயரைச் சுத்தி இருக்கிற கம்பி வலை) விட்டிருந்தா அந்த அலை உள்ள நுழையும். ஸ்ட்ரெங்த் குறையாது, குவாலிட்டி மட்டும் விழும்.

பாதி பாதியா பிரிச்சுத் தேடுங்க. முதல்ல டிவி, பாக்ஸ் ரெண்டையும் பிளக்குலேர்ந்து எடுத்துடுங்க. சில வீட்ல கேபிள் பின்னல்ல கரண்ட் கசியும், வெறுங்கையில தொட வேண்டாம். வீட்டுக்குள்ள ஸ்ப்ளிட்டர் (ஒரு ஒயரை ரெண்டு மூணா பிரிக்கிற டப்பி) இருந்தா அதை விட்டுட்டு ஒயரை நேரா பாக்ஸுக்குக் கொடுங்க. ரெண்டு வழி ஸ்ப்ளிட்டரே 3.5, 4 டிபி தின்னும். குவாலிட்டி ஏறினா கோளாறு ஸ்ப்ளிட்டர்ல, இல்லன்னா அதுக்கு முன்னாடி மாடிப் பக்கம் ஒயர்ல. மழையில மொட்டை மாடி ஏறாதீங்க, வெயில் வந்ததும் பாருங்க.

பெசன்ட்நகர்_அக்கா:
கடல் காத்து தம்பி. எங்க மாடியில கனெக்டரைக் கழட்டினா உள்ள பச்சைப் பாசி மாதிரி களிம்பு. கட்டாயம் அதைப் பாருங்க.

திருவான்மியூர்_கீழ்வீடு:
அக்கா சொன்னது அப்படியே இருந்துச்சு. ஸ்ப்ளிட்டரை எடுத்ததுல 34, 41 ஆச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு வெயில் அடிச்சதும் எலக்ட்ரீஷியனோட மாடிக்குப் போனேன். எங்க ஒயர் இறங்குற இடத்துல கனெக்டர் பச்சை, நடுக்கம்பி கறுப்பு, ஒயரை அழுத்தினா தண்ணி கசியுது. ஒரு முழம் வெட்டிட்டு, அழுத்திப் பூட்டுற கனெக்டர் புதுசா போட்டோம். 714ல குவாலிட்டி 71. ஸ்ட்ரெங்த் 83, ரெண்டு புள்ளிதான் ஏறியிருக்கு! அம்மா சாயங்கால ஆரத்தி முழுசா பார்த்தாங்க. 730 மட்டும் 52லயே நிக்குது, எப்பவாவது உடையுது.

லைன்வேலை_22வருஷம்:
சந்தோஷம் தம்பி. கனெக்டர் மேல தண்ணி புகாத டேப் சுத்துங்க. ஒயர் ஜன்னலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறணும். தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும்.

730க்கு ஆபரேட்டரைக் கூப்பிட்டு மீட்டரோட வரச் சொல்லுங்க. உங்க ஒயரைக் கழட்டிட்டு, அவங்க லைன்லேர்ந்து உங்களுக்குப் பிரியற டப்பியிலயே (tap) 730ஐ அளக்கணும். லெவல் 55லேர்ந்து 70 டிபி மைக்ரோவோல்ட்டுக்குள்ள, எம்.இ.ஆர். (சிக்னல் எவ்வளவு பிழையில்லாம இருக்குங்கற அளவு) 32 டிபிக்கு மேல இருக்கணும். அங்கேயே குறைஞ்சா கோளாறு அவங்க லைன்ல, உங்க செலவு இல்ல. புகார் எண் வாங்கி வச்சுக்குங்க.

திருவான்மியூர்_கீழ்வீடு:
நாளைக்குக் காலையில வரேன்னு சொல்லியிருக்காங்க அண்ணே. மீட்டர்ல வர்ற ரெண்டு நம்பரையும் இங்கேயே போடுறேன்.