புதுப்பிப்பு: ஹில்டன் பாயிண்ட்களைத் தள்ளுபடியில் வாங்கும் கணக்கு

ஹில்டன் ஹோட்டல்களில் பணத்துக்குப் பதில் கொடுத்து அறை எடுக்க உதவும் ஹில்டன் பாயிண்ட்களை, 100% போனஸ் (வாங்கும் அளவுக்கு இன்னொரு மடங்கு இலவசம்) வரும்போது வாங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கணக்கில் சில விஷயங்கள் விட்டுப்போயின.

1,00,000 பாயிண்டுக்கு 1,000 டாலர். போனஸோடு 2,00,000 கிடைக்கும், அதாவது பாயிண்டுக்கு அரை சென்ட். ஓர் இரவுக்கு 50,000 என்றால் செலவு 250 டாலர். இதை அறையின் அடிப்படை வாடகையோடு ஒப்பிடாதீர்கள். வரியும் ரிசார்ட் கட்டணமும் (வாடகைக்கு மேல் சில ஹோட்டல்கள் தினமும் வாங்கும் கூடுதல் கட்டணம்) சேர்ந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். முழுக்கப் பாயிண்டில் எடுக்கும் அறைக்கு ஹில்டன் ரிசார்ட் கட்டணம் வாங்குவதில்லை. விடுமுறைத் தலங்களில் லாபமே இதில்தான்.

ஹில்டன் உறுப்பினர் திட்டத்தில் சில்வர் அல்லது அதற்கு மேல் நிலை இருந்தால், பாயிண்டில் எடுக்கும்போது ஐந்தாவது இரவு இலவசம். அதே 2,00,000-இல் ஐந்து இரவு, இரவுக்கு 200 டாலர். ஐந்தையும் ஒரே முன்பதிவாகப் போடுங்கள், ஐந்துமே ஸ்டாண்டர்ட் ரிவார்ட் அறையாக (பாயிண்டில் எடுக்கும் சாதாரண வகை அறை) இருக்க வேண்டும். பிரித்துப் போட்டால் சலுகை போய்விடும்.

இந்திய கார்டில் 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் இருந்தால் 1,000 டாலருக்குச் சுமார் 41 டாலர் கூடும்.

வாங்கிய பாயிண்டுக்குப் பணம் திரும்பாது. அறை காலியா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.