தி லேடிகில்லர்ஸ் (2004): சொதப்பல் எழுத்திலா, நடிப்பிலா?

பழையரீல்:
பாட்டி ஒருவர் வீட்டில் தங்கி சூதாட்டப் படகின் பணத்தைக் கொள்ளையடிக்கப் பார்க்கும் கும்பலின் தலைவர் டாராக நடித்த டாம் ஹாங்க்ஸையே எல்லாரும் திட்டுகிறீர்கள். ஓட்டை திரைக்கதையில். இதன் மூலமான 1955 பிரிட்டிஷ் படத்தில் (ஈலிங் ஸ்டுடியோ) கொள்ளைப் பணம் உள்ள டிரங்குப் பெட்டியை கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்து வருவதே கும்பல் தங்கிய வீட்டுப் பாட்டிதான். அதனால் "போலீஸுக்குப் போனால் நீங்களும் மாட்டுவீர்கள்" என்று மிரட்ட முடிந்தது. கோயன் சகோதரர்கள் கதையை மிசிசிப்பிக்கு மாற்றியபோது அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். இங்கே வீட்டுக்காரப் பாட்டி மார்வா மன்சன் திட்டத்திலேயே இல்லை, அவருடைய நிலவறை மட்டும் போதும். பிடி எதுவும் இல்லாததால் கும்பல் தர்மம், நன்கொடை என்று பேசியே மயக்கப் பார்க்கிறது.

சுரங்கம்:
நிலவறைக்குக் காரணம் பக்காவாக இருக்கிறதே! அன்றைய மிசிசிப்பிச் சட்டப்படி சூதாட்டக் கூடம் நீரில் மிதக்க வேண்டும். படத்தில் பணம் எண்ணும் அறை மட்டும் கரையில், பூமிக்கடியில். படகைத் தொடவே வேண்டாம், பாட்டி வீட்டிலிருந்து தோண்டினால் போதும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வளைகுடாக் கரையில் நீர்விளிம்பிலிருந்து 800 அடி வரை நிலத்திலேயே கட்ட அனுமதித்தார்கள்.

பழையரீல்:
கதை நடக்கும் சாசியர் நிஜத்தில் கல்ஃப்போர்ட்டுக்கு வடக்கே உள்ளடங்கிய ஊர், சூதாட்டப் படகெல்லாம் அங்கே வராது. சரி, சினிமா. ஆனால் பிற்பாதியில் ஆறு பேர் வரிசையாகச் சாகிறார்களே, அது எழுத்தா? கும்பலில் பான்கேக்குக்குக் குடல் கோளாறு, லம்ப்புக்கு மந்தபுத்தி. ஆளுக்கு ஒரு ஜோக், அதையே திருப்பித் திருப்பி.

முன்வரிசை:
கும்பலில் இன்னொருவரான ஜெனரலின் சாவை மறந்துவிட்டீர்கள். பாட்டியின் கழுத்தை நெரிக்கப் போகிறார். கடிகாரம் அடித்த திடுக்கில், வாய்க்குள் ஒளித்த சிகரெட் தொண்டைக்குள் போகிறது. டம்ளர் தண்ணீரை எடுத்தால் உள்ளே பாட்டியின் பல்செட். பூனை தடுக்கிப் படியில் உருள்கிறார். சிகரெட்டும் பூனையும் முன்பே விதைத்தவை. பேச்சே இல்லை, அதனால்தான் வேலை செய்கிறது.

பழையரீல்:
அதைத்தானே சொல்கிறேன், பேச்சு வந்தால் படம் தடுக்குகிறது. டாரின் நீட்டி முழக்கும் வாக்கியத்துக்குச் சிரிப்பு வருவதே மன்சன் ஒற்றைச் சொல்லில் வெட்டும்போதுதான். எதிரே அவர் இல்லாவிட்டால் ஹாங்க்ஸ் காற்றோடு பேசுகிறார். கும்பலில் ஒருவராக வரும் மார்லன் வயன்ஸ் வசவு பொழியும் இடங்கள் வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை.

சுரங்கம்:
மன்சனாக நடித்த இர்மா பி. ஹாலுக்கு கான் விழாவில் ஜூரி பரிசு சும்மா வரவில்லை. பாப் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழக விஷயத்தைப் பாருங்கள். மன்சன் அதற்கு மாதாமாதம் 5 டாலர் அனுப்புகிறார், கடைசியில் மொத்தப் பணமும் அங்கேதான் போகிறது. அது 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத இடம். இனம் கடந்து பழகக் கூடாதென்ற தடையை 2000-ல்தான் எடுத்தார்கள். அனுப்புவது ஒரு கறுப்பினப் பாட்டி! படத்தில் ஒரு வரி விளக்கம் கிடையாது.

முன்வரிசை:
விளக்கினால் ஜோக் செத்துப்போகும்.

பழையரீல்:
எட்கர் ஆலன் போ கவிதை சொல்ல நேரம் ஒதுக்கியவர்கள் இதற்கு அரை வரி கொடுத்திருக்கலாம்.