ஆஸ்திரேலியா 462 விசா: குலுக்கலில் பதிவதற்கு முன் என்னென்ன தயார் செய்யணும்?

செல்வி_கே.ஆர்.புரம்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. பி.காம். முடித்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. பத்தாவது வரை கோலார் தங்கவயலில் தமிழ் வழி, காலேஜ் முழுக்க ஆங்கிலம். ஆஸ்திரேலியாவில் ஓராண்டு ஊர் சுற்றி, செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளும் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவுக்கு (எண் 462) அடுத்த குலுக்கலில் பெயர் கொடுக்கப் போகிறேன்.

என் கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். எப்போது ராஜினாமா கொடுப்பது சரி? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், சர்நேம் காலி. பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கிறது. இது இடிக்குமா? பண்ணையில் வேலை செய்தால் இரண்டாம் ஆண்டும் விசா கிடைக்கும் என்கிறார்களே, அந்த நாள் கணக்கு எப்படி? இங்கே ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தால் குலுக்கலில் பெயர் நிச்சயம், பண்ணை வேலையும் கையோடு என்கிறார். நம்பலாமா?

ஜெயநகர்_நான்காவது_பிளாக்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் தங்கச்சி, பணம் போவது அங்கேதான். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட எண் அது. 2024 அக்டோபரில் முதல் பதிவு திறந்தபோதே பல்லாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். யார் பெயர் வரும் என்பதைக் கணினி எடுக்கிறது, முன்னால் பதிந்தவருக்கும் பின்னால் பதிந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், திரும்ப வராது. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பதிவுதான். ஒன்றரை லட்சம் வாங்குபவரும் இதே 25 டாலரைத்தான் கட்டப் போகிறார்.

இன்னொரு ஆபத்து. ஏஜென்ட் தன் மின்னஞ்சலை வைத்து இம்மிஅக்கவுன்ட் (ஆஸ்திரேலிய விசாத் துறையின் இணையக் கணக்கு) திறந்தால், பெயர் வந்த செய்தியும் அவருக்கே போகும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து விசா விண்ணப்பத்தைப் போட 28 நாள்தான். அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தால் நாள் கரைந்துவிடும், நீட்டிப்பு கிடையாது. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறங்கள். குலுக்கல் காலத்தில் ஸ்பேம் பெட்டியையும் தினம் பாருங்கள்.

பெயர் விஷயம். இந்தியர்கள் பதியும்போது பாஸ்போர்ட்டுடன் பான் விவரமும் கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் செல்லப்போவது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், ஆகவே அதைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் நகலை வைத்துப் பானைத் திருத்துங்கள். நூறு ரூபாய் சொச்சம் செலவு, சில வாரம் பிடிக்கும், இப்போதே போடுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஆஸ்திரேலிய விண்ணப்பத்தில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரை ஒட்டவைத்தால் விசா ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் நிற்கும். விசா ஸ்டிக்கராக வராது, பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் பிணைந்திருக்கும். முதலாளி வீவோ என்ற தளத்தில் சரிபார்க்கும்போது விவரம் பொருந்தவில்லை என்றால் வேலையே தரமாட்டார்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் சராசரி 4.5 போதும், ஆனால் தேர்வு எழுதி 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ் வழிப் பள்ளி தடையில்லை. பட்டப்படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் என்று காலேஜ் கடிதம் வாங்கிக் காட்டும் வழியும் உண்டு, ஆனால் நம் ஊர் யுனிவர்சிட்டி அலுவலகங்களில் அந்தக் கடிதம் எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வை எழுதிவிடுவதுதான் மேல். படிப்புக்கு இரண்டாண்டு பட்டப்படிப்பு முடித்திருந்தாலே போதும், உங்கள் பி.காம். தாராளம்.

ராஜினாமாவை விசா கையில் வரும்வரை கொடுக்காதீர்கள். விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நுழைந்தால் போதும், நுழைந்த நாளிலிருந்துதான் ஓராண்டு ஓடத் தொடங்கும். 90 நாள் நோட்டீஸ் அதற்குள் நிம்மதியாக அடங்கும்.

சிவாஜிநகர்_பயணி

ஜெயநகர் அக்கா சொன்னதோட பணக் கணக்கையும் சேர்த்துக்கோங்க. விசா கட்டணம் 650 டாலருக்கு மேல, வருஷா வருஷம் ஜூலையில ஏறும். கையிருப்பு 5,000 டாலர் காட்டணும், அதுக்கு மேல திரும்பி வர டிக்கெட்டுக்கும் பணம் இருக்கணும். நம்ம காசுல மூணு லட்சத்துக்கு மேலேயே வெச்சுக்கோங்க. பெயர் வந்த பிறகு சொந்தக்காரங்ககிட்ட வாங்கி ஒரே நாள்ல போட்டா, இது யார் பணம்னு கேள்வி வரும். மூணு மாசம் முன்னாடியே உங்க கணக்குல படிஞ்சிருக்கட்டும். மெடிக்கலுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு ஒரு எண் கொடுப்பாங்க, அதை வெச்சு அவங்க அங்கீகரிச்ச கிளினிக்லதான் எடுக்கணும். பக்கத்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே செல்லாது. போலீஸ் சான்றிதழ் கேட்டா பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல 500 ரூபாய்.

போய் இறங்கினதும் முதல் வேலை டி.எஃப்.என்., அதாவது வரி எண். வரி அலுவலகத் தளத்துல இலவசம். அதுக்குக் காசு கேக்கிற தளம் எல்லாம் நடுவுல நிக்கிற ஆளுங்க. எண் தபால்ல வரும், 28 நாள் வரை ஆகலாம். நாலு நாள் மட்டும் தங்கப்போற ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்தா கடிதம் தொலையும். எண் இல்லாம வேலை செஞ்சா சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி பிடிச்சுடுவாங்க.

இந்த விசாக்காரங்களுக்கு முதல் டாலர்லேருந்தே 15 சதவீதம் வரி, 45,000 டாலர் வரைக்கும். வேலைக்குச் சேரும்போது தர்ற படிவத்துல வரியில்லா வரம்பு வேணுமான்னு ஒரு கேள்வி இருக்கும், அதுல வேண்டாம்னு போடுங்க. வேணும்னு போட்டா மாசம் கூட வர்ற காசை வருஷக் கடைசியில மொத்தமா திருப்பிக் கட்டணும். முதலாளி இந்த விசாக்காரங்களை வெச்சுக்கிறதா வரி அலுவலகத்துல பதிஞ்சிருக்கணும். பதியலைன்னா 30 சதவீதம் பிடிப்பாங்க, முதல் பேஸ்லிப்லேயே அது தெரிஞ்சிடும்.

2025 ஜூலையிலேருந்து குறைந்தபட்ச கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவலா, அதாவது நிரந்தரமில்லாம எடுத்தா 25 சதவீதம் மேல, 31 டாலர் சொச்சம். இதுவும் ஜூலைக்கு ஜூலை மாறும். சூப்பர்னு ஓய்வூதியம் 12 சதவீதம், முதலாளி தனியா போடணும். நாட்டை விட்டு வந்து விசாவும் முடிஞ்ச பிறகு கேட்டு வாங்கலாம், ஆனா அதுல 65 சதவீதம் வரி போயிடும். 1,000 டாலர் சேர்ந்திருந்தா 350 கைக்கு வரும். வேலைக்கு வேலை புதுசா ஃபண்ட் திறந்தா ஒவ்வொண்ணும் கட்டணம்னு அரிச்சுடும், ஒரே ஃபண்ட் எண்ணை எல்லா இடத்துலயும் கொடுங்க.

மல்லேஸ்வரம்_வாழைத்தோப்பு

பண்ணைக் கேள்விக்கு விரிவாகவே சொல்ல வேண்டும். நிறைய பேர் உழைத்துவிட்டு விசாவைக் கோட்டைவிடுவது இதில்தான்.

இரண்டாம் விசாவுக்கு மூன்று மாதம், அதாவது 88 நாள், விசாத் துறை பட்டியலிட்ட பண்ணை போன்ற வேலை. மூன்றாவதற்கு ஆறு மாதம், 179 நாள். இவற்றுக்குத் திரும்பக் குலுக்கல் இல்லை, அதனால்தான் இந்த நாள்களுக்கு இத்தனை மதிப்பு. வாரம் ஐந்து நாள் முழுநேரம் சம்பளத்தோடு வேலை செய்தால் ஏழு நாளாகவே எண்ணலாம். வாரம் இரண்டு நாள்தான் வேலை கிடைத்தது என்றால் இரண்டே நாள். மழை வந்து பறிப்பு நின்று, சம்பளமும் இல்லை என்றால் அந்த நாள் கணக்கில் வராது.

வேலையும் இடமும் இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டை வைத்துச் சரிபாருங்கள். இணையத்தில் உலவும் பட்டியல்களில் பல, வேறு சில நாட்டுக்காரர்களுக்கான 417 என்ற இன்னொரு ஹாலிடே விசாவுக்கானவை. அதில் சுரங்க வேலை உண்டு, நம் 462-இல் கிடையாது. நமக்கும் ஒரு வசதி உண்டு: மகர ரேகைக்கு வடக்கே ஹோட்டல், சுற்றுலா வேலையும் செல்லும். வடக்கே உள்ள கெய்ன்ஸ் ஊரில் காபிக் கடையில் நின்றால் நாள் சேரும், அதே வேலையைச் சிட்னியில் செய்தால் சேராது. வயல் வேலை ஒத்துவராது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

பருவம் தெரியாமல் போனால் ஹாஸ்டல் வாடகையே கையிருப்பைத் தின்னும். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழை ஆண்டு முழுக்க. அதே மாநிலத்தின் போவனில் தக்காளி, குடைமிளகாய் குளிர்காலத்தில், நம் மே, ஜூன் தொடங்கி. வடக்கு முனையில் டார்வின், கேத்தரின் பக்கம் மாம்பழம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. வாழையில் குலை சுமப்பது கடினம், ஒரு குலை நாற்பது கிலோ தாண்டும். பேக்கிங் ஷெட்டில் சீப்பு வெட்டிக் கழுவி அடுக்குவதும் கணக்கில் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். மாம்பழத்தில் காம்பு ஒடியும்போது பீய்ச்சும் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி இல்லாமல் மரத்தடிக்குப் போகாதீர்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெயிலில் காயவிட்டால் தழும்பு நிற்கும்.

கூலியைப் பெட்டிக் கணக்கில் தரலாம். ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல் பெட்டிக் கணக்கு எவ்வளவு வந்தாலும், வேலை செய்த மணிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். அதனால் தொடங்கிய நேரம், முடித்த நேரம், பெட்டி எண்ணிக்கையைத் தினமும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். பேஸ்லிப் சம்பள நாளிலிருந்து ஒரு வேலை நாளுக்குள் தர வேண்டும். தராத இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காதீர்கள், விசா அதிகாரி கேட்பது அதைத்தான். பேஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பதிவு, முதலாளி கையெழுத்திட்ட 1464 படிவம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் படிவத்தில் பண்ணையின் ஏ.பி.என். எண்ணும் (அங்கே தொழில் நடத்துவோருக்கான பதிவு எண்) அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். கையெழுத்தை வேலை முடிந்த கடைசி நாளிலேயே வாங்குங்கள். பருவம் முடிந்து பண்ணைக்காரர் போனை எடுக்காமல் போவது சகஜம்.

சிலர் உங்களையே ஏ.பி.என். எடுத்து வா, ஒப்பந்தக்காரராகச் செய் என்பார்கள். அடுத்தவர் சொன்ன நேரத்துக்கு வந்து, அடுத்தவர் கருவியால் பறிப்பவர் ஊழியர்தான். ஏ.பி.என். எடுத்தால் சூப்பரும் போகும், அடிபட்டால் வரும் தொழிலாளர் இழப்பீடும் போகும். இப்படி ஏமாற்றினால் ஃபேர் ஒர்க் என்ற அரசுத் தொழிலாளர் உரிமை அலுவலகத்தில் முறையிடலாம், விசா வைத்திருப்பவர்களின் புகாரையும் ஏற்கிறார்கள்.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்பது விசா நிபந்தனை. பயிர், கால்நடை வேலைக்கு விலக்கு உண்டு. நகர அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தால் ஆறாவது மாதம் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்வி_கே.ஆர்.புரம்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டே கேள்வி. இன்சூரன்ஸ் இங்கேயே எடுக்கலாமா? அம்மா பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டித்தருவேன் என்கிறார், விடுவார்களா?

சிவாஜிநகர்_பயணி

அவங்க அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் நம்ம நாட்டுக்காரங்களுக்குக் கிடையாது, அதனால இன்சூரன்ஸ் கட்டாயம்னே வெச்சுக்கோங்க. இங்க விக்கிற டிராவல் பாலிசி நிறையல உடலுழைப்பு வேலையில அடிபட்டா பணம் தரமாட்டோம்னு ஒரு வரி இருக்கும், விலக்குப் பட்டியலைப் படிச்சுட்டு வாங்குங்க. டிரைவிங் லைசென்ஸ் இருந்தா கே.ஆர்.புரம் ஆர்.டி.ஓ.வுலேயே சர்வதேச பெர்மிட் போடுங்க, 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். பண்ணைக்குப் பஸ் கிடையாது, கார் ஓட்டத் தெரிஞ்ச ஆளை முதல்ல எடுப்பாங்க. அவங்களும் இடப்பக்கம்தான் ஓட்டுறாங்க.

ஜெயநகர்_நான்காவது_பிளாக்

பொடிக்கு: விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று குறியுங்கள். பொடி, ஊறுகாய், பருப்பு எல்லாம் அதில் அடக்கம். அறிவித்த பொருளைப் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது. மறைத்தால்தான் அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், வீட்டு நெய் வேண்டவே வேண்டாம். கடையில் சீல் போட்டு, பொருள் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாக எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வையுங்கள். சோதனை மேசையில் பெட்டி முழுவதையும் கலைக்க வேண்டியிருக்காது.