‘ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்’ என்று தொடங்கி அறிவியல் எழுதலாமா?

அளவுகோல்:
விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்பதை விளக்க, வானோக்கி ஐயா தம் கட்டுரையில் நியூட்டன் கற்பனை செய்த பீரங்கியை எடுத்துக்கொண்டிருக்கிறார். வானளாவிய மலை, அதன் உச்சியில் ஒரு பீரங்கி, ஒவ்வொரு முறையும் கூடுதல் வேகத்தில் சுடப்படும் குண்டு. அப்படி ஒரு மலை எங்கும் இல்லை. இதே விளக்கத்தைப் படித்த என் மாணவி ஒருத்தி, செயற்கைக்கோள்களை மலையுச்சியிலிருந்து சுடுகிறார்கள் என்று விடைத்தாளில் எழுதியிருந்தாள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ஏவூர்தி செங்குத்தாக எழும்பி, பிறகு சாய்ந்து கிடைவேகம் சேர்க்கிறது. கண்ணெதிரே நடக்கும் அதை எழுதாமல் இல்லாத மலைக்கு ஏன் போக வேண்டும்?

வானோக்கி:
தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நிலையம் சுற்றும் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது என்று சொன்னால், ‘பிறகு ஏன் கீழே விழவில்லை?’ என்று உடனே கேட்பார்கள். அதற்கு ஏவூர்தியின் பாதை விடை சொல்லாது, பீரங்கி சொல்லும். கைவிட்ட பொருள் முதல் நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால், 8 கிலோமீட்டர் நேராகப் போனால் தரையும் அதே 5 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே காற்றின் தடையில்லாமல் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாகச் செல்லும் குண்டு விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையைத் தொடாது. நிலையத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். பள்ளி நாளில் இதைத் தாளில் வரைந்தபோது, வளைகோடு பூமியைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததைக் கண்டு அடைந்த மகிழ்ச்சி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அளவுகோல்:
கணக்கில் எனக்கு மறுப்பில்லை. கற்பனை கைமாறும்போது என்ன ஆகிறது என்பதே என் கவலை. 1935இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் தம் கற்பனைச் சோதனை ஒன்றில் பெட்டிக்குள் பூனையை வைத்தது, அது ஒரே சமயத்தில் உயிருடனும் இறந்தும் இருக்கும் என்று கொள்வது எவ்வளவு பொருந்தாதது என்று காட்டத்தான். இன்றோ அதையே, அணு அளவிலான நுண்பொருள்களை ஆராயும் குவாண்டம் இயற்பியல் மெய்ப்பித்த முடிவைப்போல எழுதுகிறார்கள். அவர் மறுப்பாக வைத்தது வாசகரிடம் சான்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வானோக்கி:
பூனையைப் பற்றி உடன்படுகிறேன். சமன்பாடு அறியாத வாசகர் அந்தப் பெட்டியைத் தாமே திறந்து சரிபார்க்க வழியில்லை. எழுதுபவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதுதான். பீரங்கியில் அப்படியில்லை, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் குண்டு எங்கே விழும் என்று பத்து வயதுப் பிள்ளையும் வரைந்து பார்க்கலாம். தங்கள் மாணவி இடறியதற்குக் காரணம், மலை எதற்காக வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லாதது: காற்றின் தடையைக் கணக்கிலிருந்து நீக்கவே அந்த உயரம். என் கட்டுரையிலும் அந்த வரி விடுபட்டிருக்கிறது. அது என் பிழை. இன்றே சேர்த்துவிடுகிறேன். மலையை மட்டும் எடுக்கமாட்டேன்.