ஃபிக்ஸட் கியர்: பின்னால் அழுத்தினால் பல்சக்கரம் கழல்கிறது, செயினும் ஒரே இறுக்கத்தில் இல்லை

கேள்வி – பழையசட்டம்
பழைய ரோடு சைக்கிளை ஃபிக்ஸியாக (சக்கரம் சுழலும்வரை பெடலும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்) மாற்றுகிறேன். ஃப்ரீவீலை (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாகச் சுழலவிடும் பல்சக்கரம்) கழற்றிவிட்டு, அதே ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) 16 பல் ஸ்ப்ராக்கெட் (பின் பல்சக்கரம்), அதன் மேல் பாட்டம் பிராக்கெட் லாக்ரிங் (பெடல் அச்சுப் பகுதிக்கான பூட்டு வளையம்). முன்னால் 48 பல். வேகம் குறைக்க பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் ஸ்ப்ராக்கெட் இளகிவிடுகிறது. செயினும் பெடல் ஒரு நிலையில் இருக்கும்போது விறைப்பு, அரைச் சுற்று போனதும் தொய்வு. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது? கால்களாலேயே நிறுத்தலாம் என்றால் முன் பிரேக் தேவையா?

பதில் – இடதுமரை
அந்த ஹப்பில் ஓட்டாதீர்கள். ஃப்ரீவீல் ஹப்பில் இருப்பது வலது மரை ஒன்றுதான். முன்னோக்கி மிதித்தால் இறுகும், பின்னுக்கு அழுத்தினால் கழலும். நீங்கள் போட்ட லாக்ரிங்கும் அதே திசை மரை என்பதால் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்ந்து சுழன்று வந்துவிடும். டிராக் ஹப்பில் (ஃபிக்ஸட் கியருக்கென்றே உள்ள ஹப்) இரண்டு படி மரை இருக்கும்: உள்ளே வலது மரை, வெளியே சற்றுச் சிறிய இடது மரை. ஸ்ப்ராக்கெட் கழலப் பார்த்தால் லாக்ரிங் இறுகிக்கொள்ளும்.

டிராக் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மி.மீ. உங்கள் சட்டத்தில் பின்சக்கரத்துக்கான இடைவெளி 126 என்றால் அச்சில் பக்கத்துக்கு 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்). பிறகு செயின் நேராக ஓடுகிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதலில் கையால் திருகுங்கள். பிறகு செயின் விப்பால் (செயின் துண்டு பொருத்திய கைப்பிடி) நன்றாக இறுக்கி, கொக்கி ஸ்பானரால் லாக்ரிங்கை இடப்பக்கம் திருகுங்கள். முன் பிரேக்கோடு ஒரு மேடு ஏறி வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அலுமினிய மரை வழித்துப்போகும், அதோடு ஹப் போச்சு.

பதில் – நேர்ச்செயின்
செயின் விஷயம்: முன் பல்சக்கரம் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) நடுவில் உட்காரவில்லை. அதன் ஐந்து போல்ட்டையும் லேசாக இளக்குங்கள். பெடலைச் சுற்றி, மிக விறைப்பான இடத்தில் நிறுத்தி, செயினின் நடுவில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். பல்சக்கரம் அணுவளவு நகரும். மறுபடி சுற்றுங்கள், மறுபடி தட்டுங்கள். சமமானதும் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். கடைசியில், மிக விறைப்பான இடத்திலும் செயின் மேலும் கீழுமாக ஏறக்குறைய 1 செ.மீ. ஆட வேண்டும். அதைவிட விறைப்பாக இருந்தால் பேரிங் தேயும். தொய்ந்தால் செயின் கழன்று சிக்கி, ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஒன்று கேட்க மறந்தேன்: சக்கரம் மாட்டும் பிளவு கிடைமட்டமா, செங்குத்தா? செங்குத்து என்றால் அச்சைப் பின்னால் இழுக்க வழியில்லை. ஸ்பிரிங் டென்ஷனரும் உதவாது, பின்னுக்கு அழுத்தும்போது கீழ்ச்செயின்தான் இழுபடும்.

சக்கரம் சுழலும்போது செயினைத் துடைக்கவே கூடாது. விரல் மாட்டினாலும் நிற்காது.

பதில் – மேட்டுவண்டி
முன் பிரேக் கட்டாயம் வேண்டும். வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகி வழுக்கும். செயின் அறுந்தால் கால் பிரேக்கே இல்லை. இறக்கத்தில் பெடல் கால்களை மிஞ்சிச் சுழலும், ஆகவே வேகம் ஏறும் முன்பே பிரேக்கைப் பிடியுங்கள். பாதத்தைப் பெடலோடு பிடித்துவைக்கும் கால்பட்டையும் போடுங்கள். பின்னால் மேலேறும் பாதத்தை அழுத்தி, முன்பாதத்தை மேலே இழுத்தால்தான் முழு விசை கிடைக்கும்.

48×16 வேண்டாம். சரியாக 3 மடங்கு என்பதால், ஒரே காலை முன்வைத்து, பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் டயரில் எப்போதும் ஒரே இடம்தான் தேயும். 48×17 போட்டால் 17 இடங்களில் பரவும். ஆனால் புதிதாகப் பழக 46×18 நல்லது: நிமிடத்துக்கு 90 சுற்றில் சுமார் 29 கி.மீ. வேகம், மேட்டிலும் மூச்சு வாங்காது.

வளைவில் பெடலை நிறுத்த முடியாது, சாய்ந்தால் அது தரையில் இடிக்கும். நீளம் குறைந்த 165 மி.மீ. கிராங்க் போடுங்கள்.

பழையசட்டம்
பிளவு கிடைமட்டம்தான். புது ஹப் வரும்வரை மரையில் பசை போட்டு ஓட்டலாமா?

இடதுமரை
வேண்டாம். அதுவரை ஃப்ரீவீலையே மாட்டி, இரண்டு பிரேக்கோடு ஓட்டுங்கள்.